நடுப்படி

இரஞ்சிதம் தொலைபேசியில் சொன்னது ஒரே ஒரு வசனம்தான்.

"அக்கா, அந்தப் படம் வருகுது."

சிட்னியில் ஏதோ விழுந்து உடையும் சத்தம் கேட்டது. பிறகு சந்திரவதனாவின் மூச்சு.

"எங்க?"

"இஞ்ச, மெல்பேர்னில. பெரிய திரையில. அடுத்த மாசம் ஒரு சனிக்கிழமை, ஒரேயொரு காட்சி."

"ரிக்கெற் எடுத்திட்டியோ?"

"ரெண்டு எடுத்திட்டன்."

"பிறகேன் என்னைக் கேக்கிறாய்?"

"நான் எங்க கேட்டனான்? சொன்னனான்."

இரஞ்சிதம் தொலைபேசியை வைத்தாள். மெல்பேர்ன் புறநகர் வெரிபீயில், அவளுடைய வீட்டுக் குசினியில் புதுத் தரைக்கல். குதிக்கால், நுனிக்கால், குதிக்கால் என்று ஒரு தட்டுத் தட்டினாள். ஐம்பத்தேழு வயது முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை. இன்னொரு தட்டு.

கணவர் விக்னராஜா ஹோலிலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா, கரப்பானோ?"

அவர்களுடைய அப்பா கணித ஆசிரியர். தமிழ்ப் படம் பார்த்தால் பிள்ளைகள் கெட்டுப்போவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆங்கிலப் படம் பார்த்தால் ஆங்கிலம் வளரும் என்பதிலும் இருக்கவில்லை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை இரண்டு பெண்களையும் காரைநகரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு யாழ்ப்பாணம் வருவார். தியேட்டர் மனேஜர் அவருடைய பழைய மாணவர். "பாட்டுப் படம்தான் மாஸ்ரர், பயப்பிட ஒண்டுமில்லை" என்பார். அப்பா நடுவில் இருப்பார். முத்தம் வரும்போல இருந்தால் இருமுவார். ஒரு படத்தில் நூறு பெண்கள் நீச்சல் உடுப்போடு தண்ணீரில் பூவாக விரிந்தார்கள். அப்பாவின் இருமல் கடைசிவரை நிற்கவில்லை. எழும்பிப் போகவும் இல்லை.

நட்சத்திரங்களின் பெயர்கள் பெண்களின் வாய்க்குள் நுழையவில்லை. தாங்களே வைத்துக்கொண்டார்கள். மெலிந்து நெடுத்தவன் ஈர்க்கு. அவன் ஆடும்போது உடம்புக்குள் எலும்பே இல்லை. சிரித்தால் திரை முழுக்கப் பல்லாகிறவள் பெரியவாய். ஈர்க்கும் பெரியவாயும் சேர்ந்து ஆடினால் மற்ற எல்லாரும் மரக்கட்டைகள். ஆங்கிலச் சஞ்சிகைகளில் வந்த அவர்களுடைய படங்கள் கேத்திரகணிதப் புத்தகத்துக்குள் ஒளிந்திருந்தன. செருப்படியில் சோடா மூடிகளை ஆணியால் அறைந்து, கிணற்றடிச் சீமெந்தில் இருவரும் ஆடிப் பழகினார்கள். யார் வீட்டிலோ தகரம் அடிக்கிறார்கள் என்று அப்பா நினைத்தார்.

ஒரே ஒரு குறை. காரைநகருக்குக் கடைசி பஸ் படம் முடியும்வரை நிற்காது. முடிய முன்னம் அப்பா எழும்புவார். குடையால் தரையில் ஒரு தட்டு. பெண்களும் எழும்ப வேண்டும். எத்தனையோ படம் பார்த்தார்கள். ஒன்றினுடைய முடிவையும் பார்க்கவில்லை. பஸ்ஸில் பின் ஆசனத்தில் இருந்து முடிவைத் தாங்களே செய்தார்கள். எல்லாவற்றிலும் இருவருக்கும் ஒரே முடிவுதான் வந்தது, படிக்கட்டுப் படத்தைத் தவிர.

அதில் பெரியவாய் ஒரு பெரிய ஹொட்டேலில் லிஃப்ட் இயக்குகிறவள். ஈர்க்கு அங்கே பியானோ வாசிக்கிறவன். வெள்ளை உடுப்புப் போட்ட கடற்படைக்காரன் ஒருவனும் அவளைக் கலியாணம் கேட்கிறான். கடைசியில் ஹொட்டேலின் பளிங்குப் படிக்கட்டு. மேலே வெள்ளை உடுப்பு. கீழே ஈர்க்கு. நடுப்படியில் அவள். இசை நிற்கிறது. குடை தட்டியது.

"மேலதான் போயிருப்பாள்" என்றாள் வதனா, பஸ் யாழ்ப்பாணத்தைத் தாண்ட முன்னமே.

"கீழ."

"சம்பளமில்லாத பியானோக்காரனோட ஆரடி போவாள்?"

"நீ போகமாட்டாய். அவள் போவாள்."

அன்று தொடங்கிய சண்டை. ஒருத்தி இல்லாமல் மற்றவள் அந்த முடிவைப் பார்ப்பதில்லை என்று அம்மாளாச்சி மேல் சத்தியமும் செய்தார்கள். வதனா நீர்ப்பாசன எஞ்சினியர் ஒருவரைக் கட்டி ஊர் ஊராக மாற்றலாகிப் போனாள். இரஞ்சிதம் கட்டியது விக்னராஜாவை. பியானோ கிடக்கட்டும், அவருக்கு விசில்கூட அடிக்க வராது. இருந்தும் கடிதங்களின் கடைசி வரியில் "மேல" என்று ஒருத்தி எழுதுவாள். "கீழ" என்று பதில் போகும்.

எண்பத்து நான்கில் இரஞ்சிதம் மெல்பேர்னுக்கு வந்தாள். தபால் கந்தோரில் கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் வேலை. முதல் நாள் மேற்பார்வையாளர் தேநீர் எப்படி என்று கேட்டார். "சுவெல்!" என்றாள். பிரமாதம் என்பதற்குப் பெரியவாய் அப்படித்தான் சொல்வாள். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். அந்தச் சொல்லைத் தன்னுடைய அம்மாவுக்குப் பிறகு யாரும் சொல்லிக் கேட்டதில்லை என்றார். தமிழ்ச் சங்க ஒன்றுகூடல்களில் பாட்டுக்குப் பாட்டு விளையாடும்போது அவள் தட்டுக் கழுவப் போய்விடுவாள். எல்லாருக்கும் தெரிந்த ஒரு தமிழ்ப் பாட்டும் அவளுக்குத் தெரியாது.

ஒரு ஞாயிறு மத்தியானம் ரீவியில் படிக்கட்டுப் படம் போனது. நின்றபடியே பார்த்தாள். பளிங்குப் படி வந்ததும் ஓடிப்போய் வயரைப் பிடுங்கினாள். சுவரில் கை வைத்துக்கொண்டு நின்றாள். கொழும்பிலிருந்த அக்காவுக்கு அன்றே எழுதினாள்.

இப்போது அக்கா மகனோடு சிட்னிக்கு வந்துவிட்டாள். இனி என்ன, வீடியோ எடுத்துப் பார்க்கலாமே என்று பிள்ளைகள் கேட்டார்கள். சின்னப் பெட்டிக்குள் பார்க்க முடியாது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

வெள்ளிக்கிழமை விமான நிலையத்தில் வதனா வந்து நின்று, தங்கையின் இடது காதைப் பார்த்துச் சிரித்தாள்.

"என்னக்கா, தோட்டைப் பாக்கிறியோ?"

"உன்ர முகத்தைத்தான் பாக்கிறன். நேர பாத்தா நடுவில ஒரே புகை. காதைப் பாத்தா முகம் தெரியுது." பிறகு, பெட்டியைத் தேடிக்கொண்டே சொன்னாள். "புகை இன்னும் பெருக்குமாம். டொக்டர் சொன்னவன்."

"மகன் எனக்குச் சொல்லேல்லை."

"நான்தான் சொல்லவேண்டாம் எண்டனான். நீ ரிக்கெற்றைத் திருப்பிக் குடுத்திடுவாய்."

"விசரே உனக்கு?" என்றாள் இரஞ்சிதம். பெட்டியை அவளே இழுத்துக்கொண்டு நடந்தாள். அடுத்த வருஷம் இந்தப் படம் வந்தாலும் அக்காவுக்கு வராது. அவள் பார்ப்பதென்றால் நாளைக்குத்தான்.

சனிக்கிழமை விக்னராஜா தியேட்டர் வாசலில் இருவரையும் இறக்கினார். இருவரும் பட்டுச் சேலை. அன்று பின்னேரம் பொயிண்ட் குக்கில் அவருடைய தங்கை மகனின் பிள்ளைக்கு முதலாவது பிறந்தநாள்.

"நாலரைக்கு இதிலயே நில்லுங்கோ. அஞ்சுக்குக் கேக் வெட்டு."

"ஓம், ஓம்" என்றாள் இரஞ்சிதம். அவள் காதில் எதுவும் விழவில்லை. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சிவப்புக் கம்பளமும், அதற்கு மேலே பெரியவாயின் சிரிப்பும் தெரிந்தன. சுவரளவுக்குப் பல்.

உள்ளே நரைத்த தலைகள். முத்துமாலைகள். இரண்டு மூன்று பேர் தொப்பிகூட வைத்திருந்தார்கள். தியேட்டரைத் திருத்திய சங்கத்தின் தலைவர் மேடையில் ஏறினார். பெரியவாய் சலவைக்காரியின் மகள் என்றார். கால்விரல் முறிந்திருந்தும் படிக்கட்டு நடனத்தை ஆடி முடித்தாள் என்றார். ஈர்க்கு வீட்டிலும் சப்பாத்தைக் கழற்றாதவன் என்றார். அவருக்குக் கண் பளபளத்தது. பேச்சை நிறுத்த முடியவில்லை. இரஞ்சிதத்துக்கு அவரைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல இருந்தது. இந்த ஊரில் இத்தனை வருஷம். பாட்டுக்குப் பாட்டில் ஊமையாக நின்ற ஆளுக்கு இங்கே ஒரு மண்டபம் நிறையச் சொந்தக்காரர்.

"நேரம் போகுது" என்றாள் வதனா. "இவனுக்கும் ஒரு குடை தட்டவேணும்."

விளக்கு அணைந்தது. திரை விலகியது. முதல் தாளத்திலேயே வதனா முகத்தை இடப்பக்கம் திருப்பி, வெறும் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். அவள் இருந்தது ஓர ஆசனம். பக்கத்தில் நடைபாதை, அதற்கப்பால் சுவர். பின்வரிசைக் கிழவி குனிந்து, உங்களுடைய தோழிக்குப் படம் பிடிக்கவில்லையா என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"உயிர்" என்றாள் இரஞ்சிதம் தமிழில். கிழவி தலையாட்டினாள்.

"தெரியுதோ அக்கா?"

"கதையாதை. தெரியுது."

ஈர்க்கு வந்தான். வதனா அவனுடைய தொப்பியை அடையாளம் கண்டு தங்கையின் தொடையில் குத்தினாள். லிஃப்ட் நடனம் வந்தது. ஒரு மாடிக்கு ஒரு நடை, ஒரு மாடிக்கு ஒரு தாளம். இரண்டு சகோதரிகளின் குதிகால்களும் ஆசனத்துக்குக் கீழே தட்டின. மறந்துபோனதாக நினைத்த ஒரு தட்டும் மறந்துபோகவில்லை. இரஞ்சிதத்துக்கு மூச்சு முட்டியது. சிரிப்பா அழுகையா என்று அவள் பார்க்கவில்லை. பார்க்க நேரமில்லை, பெரியவாய் பாவாடையைச் சுழற்றிக்கொண்டிருந்தாள்.

பளிங்குப் படிக்கட்டு வந்தது.

மேலே வெள்ளை உடுப்பு. கீழே ஈர்க்கு. நடுப்படியில் அவள். இசை நின்றது.

பக்கத்தில் கார்த் திறப்புக் கொத்து கிலுங்கியது.

விக்னராஜா நடைபாதையில் நின்றார். "வெளிக்கிடுங்கோ. அஞ்சாகப் போகுது."

இரஞ்சிதம் எழும்பினாள். கைப்பையும் தோளுக்கு வந்துவிட்டது. திரும்பிப் பார்த்தாள். அக்காவும் எழும்பி நின்றாள், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகியபடி. இரண்டு பேரும் பட்டுச் சேலையில், இருட்டில், குடை தட்டும் சத்தம் கேட்ட பிள்ளைகள்போல.

"இருங்கள்!" என்று பின்வரிசை முழுவதும் ஆங்கிலத்தில் கத்தியது.

இரஞ்சிதம் இருந்தாள். அக்காவின் சேலையைப் பிடித்து இழுத்து இருத்தினாள்.

"இஞ்சருங்கோ, நீங்களும் இருங்கோ."

"கேக்..."

"கேக் எழும்பி ஓடாது. இருங்கோ!"

முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தும் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. இருக்க ஆசனம் இல்லை. நடைபாதைப் படியிலேயே குந்தினார். அது வதனா பார்த்துக்கொண்டிருந்த இடம். அவரைத் தவிர மற்றதெல்லாம் அவளுக்குத் தெரிந்தது.

ஆனால் பளிங்குப் படி திரையின் சரி நடுவில் இருந்தது. வதனா முகத்தை இப்படித் திருப்பினாள், அப்படித் திருப்பினாள்; ஆவலில் கண் நேரே நடுப்படிக்கே ஓடியது, அங்கே புகை.

"மேல இருக்கிறவனைத் தெரியுது. கீழ இருக்கிறவனையும் தெரியுது. அவளைக் காணேல்லை. இரஞ்சி, சொல்லு. என்ன செய்யிறாள்?"

இரஞ்சிதத்துக்கு வாய் திறக்கவில்லை.

"நிக்கிறாள் மச்சாள்" என்றார் விக்னராஜா. ரேடியோவில் கிரிக்கெற் வர்ணனை கேட்டு வளர்ந்தவர். "நடுவில நிக்கிறாள். மேல பாக்கிறாள். ... இப்ப கீழ பாக்கிறாள். சப்பாத்தைக் கழட்டுறாள்."

"சப்பாத்தையோ? ஏன்?"

"எனக்கென்னண்டு தெரியும்? ஒண்டு கழட்டியாச்சு. மற்றதும் கழட்டியாச்சு. கையில வைச்சிருக்கிறாள். வெள்ளை உடுப்புக்காரன் ஒரு படி இறங்கிறான்."

"நான் சொன்னனானெல்லே!"

"பொறுங்கோ மச்சாள், பொறுங்கோ. சப்பாத்து ரெண்டையும் அவனிட்ட எறிஞ்சிட்டாள். அவன் பிடிச்சிட்டான், நல்ல கச். இப்ப கைபிடியில ஏறுறாள். ஐயோ, இவள் என்ன செய்யப்போறாள்? இவள்... சறுக்கிறாள்! சறுக்கிறாள்!"

படிக்கட்டின் வளைந்த பளபளத்த கைபிடியில் பாவாடை குடையாக விரிய, பெரியவாய் வழுக்கி வந்தாள். இசை குப்பென்று எழும்பியது. நடுவிலிருந்து விலகி, வளைவில் சுழன்று, திரையின் கீழ் மூலைக்கு.

"கண்டன்!" வதனா கத்தினாள். "கண்டன்! அந்தா வாறாள், கண்டன்!"

ஒருவரும் அடங்கச் சொல்லவில்லை. பின்வரிசைக் கிழவி கைதட்டத் தொடங்கினாள். மண்டபம் முழுக்கத் தட்டியது.

இரஞ்சிதத்துக்குக் குரல் வந்தது. "கீழ! அக்கா, கீழ! நான் அண்டைக்கே சொன்னனான்."

"ஆர் சொன்னது?" வதனாவின் கன்னம் நனைந்திருந்தது. "படியால இறங்கினாத்தான் இறங்கினது. இது சறுக்கினது. கணக்கில்லை."

"கணக்கு."

"இல்லை."

"இது அவுட்தான் மச்சாள்" என்றார் விக்னராஜா. திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுத் திரையை விட்டுக் கண் எடுக்காமல் இருந்தார்.

ஈர்க்கு அவளைக் கையில் ஏந்தினான். வெறுங்காலோடு அவள் ஆடினாள். அந்தப் பெரிய மண்டபத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு இருவரும் போனார்கள், வந்தார்கள், திரும்பப் போனார்கள். வதனா எழும்பி நின்று, முகத்தைச் சுவருக்குத் திருப்பி, தலையை மெல்ல மெல்ல அவர்களோடு அசைத்தாள். வெறும் சுவரில் அவளுடைய நிழல் விழுந்திருந்தது. திரையின் வெளிச்சம் கூடியும் குறைந்தும் வர, நிழல் சுவரில் ஆடியது.