வேனில் ஏற மறுத்த டெய்லர்

மூன்றாவது முறை ஹார்ன் அடித்தும் டெய்லர் வெளியே வரவில்லை. வேனை ஓட்டி வந்தவர் இருபத்தாறு வருடம் போர் விமானம் ஓட்டியவர். ஓய்வுபெற்று வீட்டில் இருந்த நான்கே மாதத்தில் அலமாரி, பீரோ எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி முடித்து, சமையலறைக் கரண்டிகளுக்கும் நம்பர் ஒட்டினார். "உங்களுக்குப் புண்ணியமாப் போகும், வெளியில யாருக்காவது உபயோகமா இருங்க" என்று மனைவி கையெடுத்துக் கும்பிட்டாள். அதன் பலன்தான், வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் நோயாளிகளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் இந்த இலவச வேன்.

பின்சீட்டில் மற்ற இரண்டு நோயாளிகளான பேக்கரிக்காரரும் போஸ்ட் ஆபீஸ் அம்மாவும் காத்திருக்க, அவர் இறங்கி உள்ளே போனார். தையல் மெஷினுக்குப் பக்கத்துக் கட்டிலில் டெய்லர் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார்.

"போதும் சார். ஊசியைப் பார்த்தாலே உடம்பு உதறுது. நான் வரல. பயம்னா என்னன்னு உங்களுக்குத் தெரியாது."

தைரியத்தைப் பற்றி எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் முழங்கியவர்தான். இப்போது அதையெல்லாம் ஒதுக்கிவிட்டு, மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தெரியும். ஒருதரம் நடுவானத்துல இன்ஜின் தீப்பிடிச்சுது. பாராசூட்ல குதிச்சேன். பதட்டமே இல்லாம செயல்பட்டார்னு மெடல் குடுத்தாங்க." வாசல் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்தார். "குதிக்கறதுக்கு முன்னாடியே பேண்ட் நனைஞ்சிடுச்சு. வாய்க்கால்ல விழுந்தேன்னு சொல்லிச் சமாளிச்சேன். என் வீட்டுக்காரிக்கே தெரியாது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

டெய்லர் மெல்லத் திரும்பி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"கொடுத்து வச்சவர் சார் நீங்க. எனக்கு ஒண்ணுக்கு நின்னே ஒரு வருஷம் ஆச்சு."

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. கட்டில் கிரீச்சிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டே டெய்லர் எழுந்து சட்டைக்குக் கை நீட்டினார்.

"இன்னிக்கு மட்டும் வரேன். அடுத்த தடவை பத்தி இப்ப கேக்காதீங்க."

"கேக்கல."

தெருமுனை திரும்புவதற்குள் டெய்லர் முன்சீட்டிலிருந்து பின்பக்கம் திரும்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். போஸ்ட் ஆபீஸ் அம்மா முன்னால் குனிந்தாள்.

"அப்போ மெடலை எங்க சார் குத்துனாங்க? சட்டையிலயா, பேண்ட்லயா?"

வேன் நின்றிருந்த சிக்னலில் பச்சை விழுந்தது. காது மடல் சிவக்க, ஸ்டியரிங்கில் நெற்றியை முட்டிக்கொண்டு அவர் குலுங்கினார். பின்னால் வண்டிகள் ஹார்ன் அடித்துத் தீர்த்தன. டிராஃபிக் போலீஸ்காரர் ஜன்னலைத் தட்டினார். உள்ளே நான்கு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். யாராலும் கண்ணாடியை இறக்க முடியவில்லை.