ஹால்ட் பஸ் டிரைவர்

“ரெண்டு மாசம்தாம்மா. வேற டிரைவர் கெடைச்சதும் மாத்தி உட்டுர்றேன்னு மொதலாளி சொல்லிக்கிறாரு.”

“சரிப்பா.”

“ராவுல ஒரு மாதிரியா இருந்துச்சின்னா பக்கத்து வூட்டு ராஜாம்பா அத்தையத் தொணைக்குக் கூப்ட்டுக்க.”

“எனக்கு இன்னாப்பா? நான் இருந்துக்குவேன்.”

“அதான. எம் பொண்ணாச்சே.”

எழில்மதிக்கு அந்தப் பேச்சு இன்றும் வரி பிசகாமல் நினைவிருந்தது. அம்மா இறந்து மூன்றாவது மாதம் அது. அப்பா பொன்னுரங்கம் காக்கிச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டே, அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார். ‘போகாதப்பா’ என்பது அவளுக்குத் தொண்டை வரை வந்தது. அம்மா இல்லாத வீட்டில் இரவு படுக்க அவராலும் முடியவில்லை என்று தெரிந்ததால், அதை விழுங்கிவிட்டாள். அப்போது அவள் பிளஸ் டூ. இப்போது கல்லூரியில் கடைசி வருடம். அந்த இரண்டு மாதம் இன்னும் முடிந்தபாடில்லை.

பொன்னுரங்கம் ஓட்டுவது தனியார் பஸ். சாயங்காலம் கள்ளக்குறிச்சியில் கிளம்பி, கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலையேறி, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் போய் நிற்கும். ராத்திரி அங்கேயே ஹால்ட். விடிந்ததும் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களையும் ஏற்றிக்கொண்டு இறங்கும். அவர் வீட்டுக்கு வந்து குளித்து, தூங்கி எழுந்து, ஒரு குழம்பு வைத்து மூடும்போது எழில்மதி கல்லூரியில் இருப்பாள். அவள் திரும்பும்போது அவர் கிளம்பிப் போயிருப்பார். குழம்பு மட்டும் வெதுவெதுப்பாக அவளுக்காகக் காத்திருக்கும். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிற்கும்போது போன் செய்வார். “சாப்ட்டியாம்மா?” “சாப்ட்டேன்பா.” அதற்கு மேல் இரண்டு பேருக்கும் பேச்சு வராது. அப்புறம் மலை. டவர் இருக்காது.

கல்லூரியில் அவள் படித்தது விஸ்காம், படமெடுக்கக் கற்றுத்தரும் படிப்பு. அங்கே அருள்மொழி மேடம் கடைசிப் படத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தார். எல்லாரும் திரில்லர் எடுக்க வேண்டும். அதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்ட வேண்டும். “பதினாறு வயசுப் புள்ளைங்கள ஏமாத்த முடியாது. பயந்தா பயப்படும், இல்லன்னா மூஞ்சிக்கு நேராவே சிரிச்சிடும். போய்ப் பட்டுக்கினு வாங்க.”

எழில்மதி எழுதிய கதை சின்னது. பள்ளி மாணவி ஒருத்தி ஊரில் தனியாக இருக்கிறாள். காணாமல் போன தோழியைத் தேடி மலைக்குப் போகும் கடைசி பஸ்ஸில் ஏறுகிறாள். பஸ்ஸில் வேறு ஆளே இல்லை. டிரைவர் திரும்பியே பார்ப்பதில்லை. நிறுத்தமில்லாத இடத்தில் பஸ் நிற்கிறது. கூடப் படிக்கும் சந்தோஷ் கேமரா, தோழி சுபஸ்ரீ நடிப்பு. டிரைவராக யார் என்று பேச்சு வந்தபோது, “எங்க அப்பாவையே கேக்கறேன்” என்றாள் எழில்மதி.

“மூஞ்சே வராதுப்பா. முதுகும் கையும்தான்.”

“அது போதும்மா. என் மூஞ்சக் காட்டுனா எவன் டிக்கெட் எடுப்பான்?” என்று சிரித்தார். கதை என்னவென்றுகூடக் கேட்கவில்லை. முதலாளி வெற்றிவேலிடம் சொல்லி ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குப் பஸ்ஸைக் கேட்டு வாங்கிவிட்டார்.

அந்த ஞாயிறு அவளுக்கு அப்பா முழுசாகக் கிடைத்தார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் சந்தோஷின் கேமரா பக்கத்தில் குந்திக்கொண்டு, அவர் கழுத்தில் புதிதாக நரைத்திருந்த முடியை எழில்மதி பார்த்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னாலும் அவர் ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டினார். ஏதோ சொல்ல வாயெடுத்தவரை, “பேசாதப்பா, சவுண்ட் ஓடுது” என்று அடக்கினாள். எடுத்ததையே திரும்பத் திரும்ப எடுத்தாள்.

“கை சரியாத்தான இருந்துச்சி?” என்றார் அவர்.

“வெளிச்சம் சரியில்லப்பா. இன்னொருக்கா.”

சந்தோஷ் சுபஸ்ரீயின் காதில், “முதல் டேக்கே ஓகேதான். இவ எதுக்கு இந்தப் பாடுபடறா?” என்றான். சுபஸ்ரீ அவன் காலை மிதித்தாள்.

படம் முடிந்ததும் வெள்ளிமலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் போட அனுமதி கிடைத்தது. மலைப் பிள்ளைகளுக்கு மலைப் பாதையையே காட்டிப் பயமுறுத்திவிட்டால் வேறு எந்த ஊர்ப் பிள்ளையும் தப்பாது என்பது சந்தோஷின் கணக்கு. மத்தியானம் வகுப்பறை ஜன்னல்களில் போர்வையைக் கட்டி இருட்டாக்கினார்கள். பதினொன்றாம் வகுப்பு முழுவதும் தரையில் உட்கார்ந்தது.

தொடக்கம் நன்றாகவே போனது. சுபஸ்ரீ இருட்டு வீட்டுக்குள் வந்தபோது ஒரு சத்தமில்லை. பஸ் கிளம்பியது. முதல் வளைவு வந்தது. திரையில் டிரைவரின் கை ஸ்டியரிங்கை இரண்டு தட்டுத் தட்டியது. பின்னணியில் சந்தோஷ் சேர்த்திருந்த உறுமல்.

“டேய், நம்ம பொன்னுரங்கம் மாமாடா.”

ஒரு குரல்தான். அதற்கப்புறம் வகுப்பை யாராலும் பிடிக்க முடியவில்லை. அடுத்த வளைவில் கை தட்டியதும் மொத்த வகுப்பும் ஒரே குரலில், “ஏறுடி ராசாத்தி” என்றது. அதற்கடுத்த வளைவிலும். நிறுத்தமில்லாத இடத்தில் பஸ் நின்று, சுபஸ்ரீ உதடு நடுங்க டிரைவரை நெருங்கியபோது, “மாமா ஒண்ணுக்குப் போவ நிறுத்திக்கிறாரு” என்று ஒரு பையன் சொல்ல, டீச்சரே சிரித்துவிட்டார்.

சந்தோஷ் லேப்டாப்பை மூடிவிட்டுச் சுவரில் சாய்ந்தான். “போச்சு. மொத்தமும் போச்சு.”

எழில்மதிக்குப் படம் போனதுகூட உறைக்கவில்லை. அந்த வார்த்தையை அவள் கேட்டதே இல்லை. முன் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்ணிடம், “அது இன்னா, ஏறுடி ராசாத்தி?” என்று கேட்டாள்.

அம்சவள்ளி என்ற அந்தப் பெண்ணுக்கு ஹால்ட் ஊர்தான் சொந்த ஊர். “மாமா பஸ்ஸுகிட்ட பேசுவாருக்கா. அப்பிடிச் சொன்னாத்தான் வண்டி மேல ஏறுமாம். நாங்களும் கூடவே கத்துவோம். அவருக்கு எங்க ஊர்ல வூட்டுக்கு ஒரு நாள் முறை வச்சு சோறு குடுப்போம். ஹால்ட் பஸ்ஸு நின்னாத்தான எங்களுக்குக் காலையில பஸ்ஸு. சாப்ட்டு முடிச்சா ஒரே கதைதான். எங்க ஆயாவே வயித்தப் புடிச்சிக்கினு சிரிக்கும். அவரப் போயி கொலகாரன்னா எப்பிடிக்கா பயம் வரும்?”

எழில்மதி தலையாட்டினாள். கதை சொல்லி ஊரையே சிரிக்க வைக்கிற அந்த ஆளை அவளுக்கும் தெரியும். அம்மா இருந்த காலத்தில் அந்த ஆள் அவர்கள் வீட்டில்தான் இருந்தார். மலை மேல் ஒரு ஊரே அவரைச் சுற்றி உட்கார்ந்து சிரிக்கும் நேரத்தில்தான், கீழே அவள் விளக்கு எரியும் அறையிலேயே தூங்கிப் பழகியிருந்தாள். அவளுக்குக் கோபம்தான் வந்திருக்க வேண்டும். வந்தது ஒரு மாதிரியான ஏக்கம்.

மேடம் சொல்லியிருந்ததால் சுபஸ்ரீ பிள்ளைகளிடம் கேட்டாள். “சரி, பயமே வரலையா? எங்கியுமே?”

வகுப்பு கொஞ்சம் அடங்கியது. அம்சவள்ளிதான் சொன்னாள். “மொதல்ல வந்துச்சே, அதுதாங்க்கா. அந்தப் பொண்ணு வூட்டுக்கு வந்ததும் லைட்டக்கூடப் போடாம டிவியப் போடுது. செய்தி வாசிக்கிறவங்ககிட்ட, ‘ஆமா, இன்னிக்கு மழைதான்’னு பேசுது. பேசிக்கினே சோறு துன்னுது. அதப் பாத்ததும்தான் எனக்குப் பயம் வந்துச்சி.”

“எனக்கும்” என்றது பின்னாலிருந்து ஒரு பையன் குரல். யாரும் அவனைக் கிண்டல் செய்யவில்லை.

“அதெல்லாம் எப்பிடிக்கா யோசிச்சீங்க?” என்றாள் அம்சவள்ளி.

எழில்மதி லேப்டாப் ஒயரைச் சுற்றத் தொடங்கினாள். யோசித்து எழுதிய காட்சியில்லை அது. சந்தோஷ் அவளைத் திரும்பிப் பார்த்தான். எத்தனையோ தடவை படம் பிடித்தும் எடிட் செய்தும் அவனுக்குப் புரியாத ஒன்று அப்போதுதான் புரிந்தது போலிருந்தது. போர்வையை அவிழ்க்கும் சாக்கில் ஜன்னல் பக்கம் போய்விட்டான்.

“நீங்க மாமா பொண்ணா?” அம்சவள்ளி இப்போதுதான் முகத்தை உற்றுப் பார்த்தாள். “உங்களப் பத்திச் சொல்லிக்கினே இருப்பாரு. எம் பொண்ணுக்குத் தைரியம் ஜாஸ்தி, தனியாவே இருந்துக்கும், இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணும் வேணும்னு கேட்டதே இல்லன்னு. பெருமைதான் அவருக்கு.”

கீழே இறங்கும் நேரம் வந்தபோது எழில்மதி சுபஸ்ரீயிடம், “நீங்க போங்கடி. நான் இன்னிக்கு அம்சவள்ளி வூட்ல இருந்துட்டு காலைல அப்பா பஸ்ல வரேன்” என்றாள்.

“படத்த இன்னா பண்றது?”

“பஸ் சீனெல்லாம் வெட்டிடலாம். வூட்லயே எடுப்போம். அப்புறம் பேசலாம், போ.”

பஸ் ஹால்ட் ஊருக்கு வந்து சேர்ந்தபோது மலைமேல் வெளிச்சம் இன்னும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. சனம் இறங்கியது. அம்சவள்ளி வீட்டு முறை அன்று. தூக்குப் போசியில் சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் கொடுத்து எழில்மதியை அனுப்பியிருந்தார்கள். படியேறி வந்தவளைப் பார்த்துப் பொன்னுரங்கம் இருக்கையிலிருந்து பாதி எழுந்தார்.

“இன்னாம்மா இங்க? ஏதாச்சும் ஆச்சா?”

“ஒண்ணும் ஆவல. படம் போட்டோம்.”

“எப்பிடி, பசங்க பயந்துதுங்களா?”

“சிரிச்சிச்சிங்க. உன்னாலதான். ஏறுடி ராசாத்தியாம்.”

அவர் முகம் வெட்கத்தில் சிவந்தது. “அடப் பாவிங்களா, சொல்லிடுச்சிங்களா. உம் படத்தக் கெடுத்துட்டேனாம்மா?”

“இல்லப்பா. படம் ஓகே.”

அவர் எதிரில் உட்கார்ந்தாள். அவர் சோற்றைப் பிசைந்துவிட்டு வாயில் வைக்காமல் அவளையே பார்த்தார். வெளியே யாரோ, “மாமா, கதைக்கு வரீங்களா?” என்று கூப்பிட்டார்கள். “இருங்கடா, எம் பொண்ணு வந்துக்கீது” என்று குரல் கொடுத்தார். அதிலும் அந்தப் பெருமை இருந்தது. அதைக் குலைக்க மனமில்லாமல்தான் இத்தனை வருடமும் வாய் மூடியிருந்தோம் என்று அவளுக்குத் தோன்றியது.

“அப்பா.”

“சொல்லும்மா.”

“எனக்குத் தைரியமெல்லாம் இல்லப்பா. ராவுல ரொம்ப பயமா இருக்கு.”

அவர் கை சோற்றிலேயே நின்றது.

“ஹால்ட்டு வேற யாராச்சும் ஓட்டட்டும். மொதலாளிகிட்ட நீயே சொல்லு. நீ வூட்டுக்கு வந்துடுப்பா.”