ஏழாவது கோட்டை வாசல்

சட்டம் போட்டவளே நான்தான். அதனால் அந்தச் சனிக்கிழமை காலையில் கட்டிலுக்கு அடியில் கையை விட்டுத் துழாவி, என் புத்தகக் கட்டு அங்கே இல்லை என்று தெரிந்தபோது, யாரையும் வாய்விட்டுத் திட்டக்கூட எனக்கு வழியில்லாமல் போனது.

எனக்கு ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒரகடத்தில் போன் பாகங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. பெல்ட்டில் வருகிற ஒவ்வொரு பாகத்தையும் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, கீறலோ மங்கலோ இருந்தால் ஒதுக்கித் தள்ள வேண்டும். என் கண்ணில் எதுவும் தப்பாது என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. இருங்காட்டுக்கோட்டையில் நாலு பெண்கள் சேர்ந்து ஒரு அறை எடுத்திருக்கிறோம்.

கம்பெனியில் ஃபைவ் எஸ் என்று ஒரு ஒழுங்குமுறை. வேண்டாத சாமான் என்று தோன்றினால் அதில் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். ஏழு நாளைக்குள் யாரும் வந்து 'இது என்னுது' என்று சொல்லாவிட்டால் வெளியே. எங்கள் அறையில் கால் வைக்க இடமில்லாமல் போன ஒருநாள், கோபத்தில் அதே முறையை அங்கேயும் கொண்டுவந்தேன். அறைத்தோழி சுகப்பிரியாவின் கைப்பிடி இல்லாத குக்கரை அப்படித்தான் வெளியே அனுப்பினேன். அவள் கண்கலங்கி நின்றபோது, "ரூல்னா ரூல்தாம்ட்டி" என்று பெரிய சூப்பர்வைசர் மாதிரிச் சொன்னேன்.

இப்போது அவளிடமே போய் நின்றேன்.

"ஏட்டி, கட்டிலுக்குக் கீழ ஒரு கட்டு கெடந்துச்சே, எங்க?"

"அதுவாக்கா? பேரே எழுதல. போன வாரம் சிவப்புச் சீட்டு கட்டுனேன். வியாழக்கிழமையோட ஏழு நாள் முடிஞ்சிட்டு. பழைய பேப்பர்க்காரர்ட்ட போட்டுட்டேன்." போனை எடுத்துப் பெருமையாக நீட்டினாள். "கம்பெனில எடுக்க மாரியே, பிஃபோர் ஆஃப்டர் போட்டோகூட எடுத்து வச்சிருக்கேன்."

பிஃபோர் போட்டோவில் நியூஸ்பேப்பர் சுற்றிய என் கட்டு, மேலே சிவப்புச் சீட்டு. அந்த வாரம் முழுக்க எனக்கு ஓவர்டைம். அறைக்கு வருவதும் கட்டிலில் விழுவதுமாக இருந்தேன். ஊரார் பொருளில் கீறல் பார்த்த கண், தன் கட்டிலுக்குக் கீழே பார்க்கவில்லை.

அந்தக் கட்டுக்குள் இருந்தவை 'மின்னரசியின் ஏழு கோட்டைகள்' என்ற படக்கதையின் முதல் ஆறு புத்தகங்கள். முப்பது வருஷத்துக்கு முன்னால், டி.வி.யில் சொருகி ஆடுகிற ஒரு வீடியோ கேமைப் பார்த்து வரைந்தது. வாள் ஏந்திய மின்னரசி கோட்டை கோட்டையாகப் போவாள். ஒரு கோட்டைக்கு ஒரு புத்தகம். பத்து வயதில் சாத்தூர் பழைய புத்தகக் கடையில் அந்த ஆறும் எனக்குக் கிடைத்தன. ஏழாவது கிடைக்கவே இல்லை. ஏழாவது கோட்டைக்குள் என்ன இருக்கிறது? பதின்மூன்று வருஷமாக எனக்கு இது ஒன்றுதான் கேள்வி. சிரிக்காதீர்கள். சிலருக்கு ஜாதகம், எனக்கு மின்னரசி.

போன மாதம்தான், பழைய காமிக்ஸ் சேர்ப்பவர்களின் வாட்ஸப் குழுவில் எழிலரசன் என்று ஒருவர், தன்னிடம் ஏழாவது மட்டும் இருப்பதாக எழுதினார். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கார் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். அவருக்கு முதல் ஆறு தெரியாது. முடிவு மட்டும் வைத்திருக்கிற ஒரு ஆள், அதுவும் நாலு ஸ்டாப் தள்ளி! ஆறையும் நான் கொண்டுவர, ஏழை அவர் கொண்டுவர, சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கு மஞ்சுளாக்கா மெஸ்ஸில் பார்ப்பது என்று பேச்சு. ஒன்று இருபதுக்கு அந்த மெஸ் வாசலிலிருந்துதான் எனக்குக் கம்பெனி பஸ்.

சுகப்பிரியாவும் நானும் பழைய பேப்பர் கடைக்கு ஓடினோம். லோடு நேற்றே மில்லுக்குப் போய்விட்டது என்றார்கள். ஒரு பக்கத்தையாவது போட்டோ எடுத்து வைத்திருக்கலாம். யாராவது கேட்டுவிடுவார்களே என்ற கஞ்சத்தனத்தில் அதையும் செய்யவில்லை. ரோட்டிலேயே நின்று அழுதேன். சுகப்பிரியா என் கையைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுதாள். அழுது முடித்து, வெறுங்கையோடு மெஸ்ஸுக்குப் போனோம்.

எழிலரசன் ஒரு பெரிய துணிப்பையோடு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். பையை மடிக்கு இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஆறும் பூட்ச்சா?"

"போயிட்டு. ஆனா எனக்கு எல்லாம் மனப்பாடம். எந்தப் பக்கத்துல என்ன படம்னு கேளுங்க, சொல்லுதேன்."

நம்பினாரோ இல்லையோ, பையிலிருந்து புத்தகத்தை எடுத்துத் தந்தார். ஏழாவது! மேஜை மேல் விரித்து வைத்துப் படித்தேன். மின்னரசி எரிகிற பாலத்தைத் தாண்டினாள், இரும்பு ஓநாய்களை வெட்டினாள், கடைசி வாசலுக்கு வந்தாள். வாசலில் வரிசையாக ஆறு மணிகள். பக்கத்தைத் திருப்பினேன். கட்டம் போட்டு ஓர் அறிவிப்பு.

'வாசகர்களே, இந்த வாசலை எங்களால் திறக்க முடியவில்லை. திறந்தவர்கள் வழியை எழுதி அனுப்புங்கள்.'

"இதென்னங்க அநியாயம்!" என்று கத்திவிட்டேன். பக்கத்து மேஜையில் சாப்பிட்டுக்கொண்டிருந்த எங்கள் பஸ் டிரைவர் நாகப்பன் அண்ணன் திரும்பிப் பார்த்தார்.

"அவங்களுக்கே தெர்லங்க," என்றார் எழிலரசன். "கேம்ல எழுத்தெல்லாம் ஏதோ வெளிநாட்டு பாஷை. இவங்களா பேச்சு போட்டு எழுதிக்கினாங்க." பையிலிருந்து ஒரு பழைய டி.வி. கேம் பெட்டியை வெளியே எடுத்தார். "எங்க வூட்டு கேசட்ல இந்த ஏழாவது கோட்டை மட்டும்தான் கீது. அஞ்சாங்கிளாஸ்லர்ந்து ஆட்றேன். அந்த ஆறு மணியை ஒரு வரிசையில அடிக்கணும். வரிசை முன்னாடி கோட்டைல எங்கியோ இருக்கும்னு தோணுது. அதான் உங்க ஆறு புக்கையும் கேட்டேன்."

மூன்றாவது புத்தகம், பதினாலாம் பக்கம். சுவரில் செதுக்கிய ஆறு மணிகள். ஒரு குருவி அவற்றின்மேல் தாவித் தாவிப் போன தடம்.

"எனக்குத் தெரியும்," என்றேன். "ரெண்டு, அஞ்சு, ஒன்னு, ஆறு, மூனு, நாலு."

எழிலரசன் எழுந்தே விட்டார். "அக்கா, டிவில ஒயர் சொருகிக்கட்டா?"

"சீரியல் இப்ப இல்ல, சொருகிக்கோ," என்றார் மஞ்சுளாக்கா.

மணி பன்னிரண்டு நாற்பது. கோட்டையின் கடைசி வாசல்வரை போகவே அரைமணி நேரம் ஆகும், பஸ்ஸுக்கு முன்னால் ஒரே முறைதான் ஆட முடியும். எழிலரசன் ஆடினார் பாருங்கள்! பதினைந்து வருஷப் பழக்கம். பாலத்தில் ஒரு உயிர் போனது. மீதி இரண்டு. ஷிஃப்டுக்குச் சாப்பிட வந்த பையன்களும் பெண்களும் தட்டோடு டி.வி. பக்கம் நகர்ந்தார்கள். ஓநாய் பாயும்போதெல்லாம் சுகப்பிரியா என் தோளைக் கிள்ளினாள். ஒன்று பத்துக்கு மின்னரசி வாசலில் வந்து, எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள்.

"நீங்க அடிங்க," என்று கேம் ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

இடமிருந்து எண்ணினேன். ரெண்டு. அஞ்சு. ஒன்னு. ஆறு. மூனு. நாலு. ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரை பிளந்து மின்னரசி கீழே போனாள்.

"அய்யோ!" என்று மெஸ் முழுக்கச் சத்தம். கடைசி உயிரோடு அவள் மறுபடி வாசலில் நின்றாள்.

"சரியா ஞாபகம் கீதாங்க?" என்றார் எழிலரசன், மெதுவாக.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மற்றவர்கள் முன்னால் என் கண்ணைச் சந்தேகப்படுவதா! ஆனால் கோபம் வந்தால்தான் எனக்குக் கண் கூர்மையாகும். மின்னரசியைப் பார்த்தேன். முதுகு எங்கள் பக்கம். வாள் வலது கையில். மூன்றாம் புத்தகம் பதினாலாம் பக்கத்திலும் இதே மாதிரிதான் முதுகைக் காட்டி நிற்பாள். ஆனால் அங்கே மட்டும் வாள் இடது கையில். வலது கை வலிக்கிறது போல, அதான் மாற்றிக்கொண்டாள் என்று சின்ன வயதில் அவளுக்காகப் பாவப்பட்டிருக்கிறேன்.

"ஏட்டி!" என்று சுகப்பிரியா கையைப் பிடித்து உலுக்கினேன். "படத்தையே திருப்பிப் போட்டுட்டாங்கட்டி! பிரஸ்ல பண்ண தப்பு! கண்ணாடில தெரியுத மாரி, இடது வலதாப் போச்சு!"

"அப்டீன்னா?" என்றார் நாகப்பன் அண்ணன். அவர் கையிலிருந்த சாம்பார் சாதம் காய்ந்துபோயிருந்தது.

"வலப்பக்கத்துல இருந்து எண்ணணும்ண்ணே!"

"எண்ணும்மா, எண்ணு! டைம் ஆவுது!"

வலமிருந்து எண்ணினேன். ரெண்டு. மெஸ்ஸில் எல்லோரும் சேர்ந்து எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். அஞ்சு! ஒன்னு! ஆறு! விரல் வேர்த்து வழுக்கியது, சின்ன வயது ஞாபகத்தில் பாவாடையில், இல்லை, யூனிஃபார்ம் பேண்டில் துடைத்துக்கொண்டேன். மூனு! எழிலரசன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். நாலு!

வாசல் இரண்டாகப் பிரிந்தது.

கூச்சலில் கூரை அதிர்ந்தது. யாரோ தட்டைக் கீழே போட்டார்கள். சுகப்பிரியா என்னைத் தூக்கியே விட்டாள். ஏழு கோட்டையிலும் பின்னணி கறுப்புதான், இப்போது டி.வி. முழுக்க நீல வானம். மின்னரசி அதற்குள் நடந்து போனாள், வாளைத் தரையில் வைத்தாள், முதல் தடவையாக எங்கள் பக்கம் திரும்பினாள். எனக்குக் கண்ணீர் கொட்டியது. இவள் முகத்தை இப்படி நேராக வரைய, பாவம், அந்தப் புத்தகக்காரர்களுக்குக் கொடுத்து வைக்கவில்லை.

அவள் வாயசைந்தது. கீழே கட்டத்துக்குள் வெளிநாட்டு எழுத்தில் ஒரே ஒரு வரி வந்து நின்றது.

"இன்னா சொல்லுது?" என்று நாகப்பன் அண்ணன் கேட்டார்.

எழிலரசன் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது. ஆனால் ஆறு புத்தகம் முழுக்க அவள் பேசியதைப் படித்தவள் நான், அவள் என்ன கேட்பாள் என்று எனக்குத் தெரியும்.

"'எல்லாரும் வந்துட்டீங்களா?'ன்னு கேக்கா," என்றேன்.

"வந்துட்டோம்!" என்று மொத்த மெஸ்ஸும் கத்தியது. நாகப்பன் அண்ணன் குரல்தான் அதில் பெரிது.