இருநூற்றிரண்டுக்கு என்ன வார்த்தை

என் கொழுந்தனுக்கு வீட்டில் 'சரி' என்றுதான் பெயர். எதைச் சொன்னாலும் "சரி" என்பான். பால் வாங்கி வா என்றால் சரி. குழாய் ஒழுகுகிறது, என்னவென்று பார் என்றால் சரி. பாலும் வராது, ஒழுகலும் நிற்காது. "இவன் சரின்னு சொன்னா காதுல விழுந்துச்சுன்னு அர்த்தம்மா. அதுக்கு மேல ஒண்ணுமில்ல" என்று நான் கல்யாணமாகி வந்த புதிதிலேயே அத்தை சொல்லிவைத்தார். அத்தை என்றால் என் மாமியார், அவனைப் பெற்ற மகராசி.

அவனும் நானும் ஒரே அலுவலகம். அவனுக்கு அங்கே வேலைக்குச் சொன்னதே நான்தான். அவன் புரோகிராம் எழுதுவான், அதில் எங்கே ஓட்டை என்று தேடிப் பிடிப்பது என் வேலை. வீட்டிலும் அதே வேலைதான் பார்க்கிறாள் என்று என் கணவர் வெளியூரிலிருந்து போனில் கிண்டலடிப்பார்.

வீட்டில் இருக்கும் நோயாளிகளுக்கு ஆக்ஸிஜன் சிலிண்டர் வரவழைத்துத் தருகிற செயலி எங்களுடையது. போனில் ஒரு பட்டனை அழுத்தினால் கோரிக்கை சிலிண்டர் கிடங்கின் சர்வர் கம்ப்யூட்டருக்குப் போகும். பதிலாக அங்கிருந்து ஓர் எண் வரும். வெறும் எண் யாருக்குப் புரியும்? அதை ஒரு வார்த்தையாக மாற்றித் தர சின்னதாக ஒரு புரோகிராம் துண்டு எழுதினான் கொழுந்தன். நானூற்று நான்கு வந்தால் 'இல்லை'. ஐந்நூறு வந்தால் 'கோளாறு'. இருநூறு வந்தால் பச்சை எழுத்தில் 'சரி'. அவனுக்கு வேறென்ன வார்த்தை தோன்றும்!

அதோடு விட்டானா? இருநூறில் தொடங்குகிற அத்தனை எண்ணுக்கும் அதே சரியைப் போட்டுவிட்டான். இருநூற்றிரண்டு என்று ஒன்று உண்டு. கேட்டது வந்து சேர்ந்தது, வேலை இன்னும் நடக்கவில்லை, நடக்காமலே போனாலும் போகும் என்று அதற்கு அர்த்தம்.

"ஏன்டா, இருநூத்திரெண்டுக்கும் சரின்னு போட்டிருக்கியே, கண்ணத் திறந்துகிட்டுதான் எழுதினியா?" என்று அவன் மேசைக்கே போய்க் கேட்டேன்.

"இருநூறுல ஆரம்பிச்சா எல்லாம் நல்ல சேதிதான் அண்ணி."

"என்ன நல்ல சேதி? உன்னப் பத்தி உங்கம்மா சொல்வாங்களே, காதுல விழுந்துச்சுன்னு, அதுதான்டா இது. அதுக்குத் தனியா ஒரு வார்த்தை போடு."

பக்கத்து மேசைக்காரர்கள் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மேலாளர் எட்டிப் பார்த்து, "அந்தக் கிடங்கு சர்வர் இருநூத்திரெண்டு அனுப்பறதே இல்லையேம்மா. இதென்ன தலைபோற காரியமா?" என்றார். நான் விடவில்லை. புகாராகவே பதிந்து வைத்தேன். சில நாள் கழித்து, மாற்றினாயா என்று கேட்டதற்கு "சரி அண்ணி" என்றான். புகாரின் கீழேயும் 'சரி' என்று எழுதி அதை மூடியிருந்தான். முடித்துவிட்டான் என்று நானும் அடுத்த வேலைக்குப் போய்விட்டேன். இந்த வீட்டில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் அவனுடைய சரியை நம்பியிருக்கிறேன் பாருங்கள், என்னைச் சொல்ல வேண்டும்.

அத்தைக்கு நுரையீரல் கெட்டுப்போய், மூக்கில் குழாய் இல்லாமல் முடியாது என்ற நிலை. கட்டிலுக்குப் பக்கத்தில் சிலிண்டர், அதன் மேல் மாட்டின மீட்டர், கைக்கு எட்டும் தூரத்தில் போன். முள் பாதிக்கு இறங்கியதும் அடுத்த சிலிண்டரை அவரே கேட்டுவிடுவார். நான் செய்கிறேன் என்றால், "மூச்சுக்குத்தான் மெஷின் வேணும், விரலுக்குமா?" என்பார்.

அந்த வாரம் கிடங்குக்காரர்கள் சர்வரை மாற்றியிருந்தார்கள். கோரிக்கையை வாங்கி வரிசையில் போட்டுவிட்டு, இருநூற்றிரண்டு என்று பதில் அனுப்புவது புது முறை. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மாற்றிய கையோடு வரிசை சிக்கி நின்றுபோனதும் அவர்களுக்கே தெரியவில்லை.

மத்தியானம் அத்தைக்குப் போன் செய்தேன்.

"சிலிண்டர் வந்துடுச்சா அத்தை?"

"வரும்மா. நேத்தே சொல்லிட்டேன், காலையிலயும் சொன்னேன்."

"முள்ளு எங்க நிக்குது?"

"கொஞ்சம் கீழதான். நான்தான் காத்தைக் குறைச்சு வச்சிருக்கேன்."

"எனக்குப் பயமா இருக்கு அத்தை. மருந்துக்கடைல ஒண்ணு வச்சிருப்பான், அனுப்பச் சொல்லட்டுமா?"

"எதுக்கு வீணா? பச்சையா சரின்னு வந்திருக்கு. என் புள்ள சொன்ன சரியா இருந்தா நான் நம்புவனா? இது மெஷின் சொன்னதும்மா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். இருமலும் சேர்ந்து வந்தது. நானும் சிரித்தேன்.

மனது கேட்காமல் கொழுந்தனிடம் போய், கிடங்குக்கு ஒரு போன் போட்டுக் கேள் என்றேன். அவன் போனில் செயலியைத் திறந்து, அம்மாவின் கணக்கை என் முகத்துக்கு நேராகக் காட்டினான். "பாருங்க அண்ணி, சரின்னுதான் இருக்கு." அவன் எழுதின வார்த்தையை அவனே படித்துத் திருப்திப்பட்டுக்கொண்டான்.

சாயங்காலம் நான் கதவைத் திறந்தபோது வீடு அமைதியாக இருந்தது. எப்போதும் கேட்கும் அந்தச் சின்ன காற்றுச் சத்தம் இல்லை. அத்தை சுவரோரமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மூக்கில் குழாய் போட்டது போட்டபடி இருந்தது. மடியில் போன். முள் அடியில் கிடந்தது. அத்தை, அத்தை என்று உலுக்கினேன். கை சில்லிட்டிருந்தது. காற்று கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தால் பயம்கூடத் தெரியாது, தூக்கம்தான் வரும் என்று டாக்டர் பிறகு சொன்னார். எனக்கு ஆறுதலாகச் சொன்னாராம்.

போனை எடுத்துப் பார்த்தேன். நான் பேசிய பிறகும் இரண்டு தடவை கேட்டிருக்கிறார். இரண்டுக்கும் சரி, சரி.

கொழுந்தன் வந்தான். போனை அவன் கையில் கொடுத்தேன். பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. லேப்டாப்பைத் திறந்து அந்த எண் என்னவென்று தேடிப் பார்த்தான். இருநூற்றிரண்டு. அவனை நாலு அறை விட வேண்டும் என்று கை துடித்தது. பெற்றவளைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிறவனை எங்கே அடிப்பது?

அத்தையைத் தகனம் செய்த மறுநாள் வாசலில் ஒரு வண்டி வந்து நின்றது. கிடங்கில் சிக்கலை எடுத்துவிட்டார்கள். வரிசை நகர்ந்து, அத்தை கேட்டதெல்லாம் மொத்தமாக வந்திருந்தது. வண்டிக்காரர் ஒவ்வொன்றாக உருட்டிக்கொண்டு வந்து கூடத்துச் சுவரோரம் நிறுத்தினார். நான்கு சிலிண்டர்கள். அத்தையின் கட்டிலை அன்று காலையில்தான் மடித்து வைத்திருந்தோம். திருப்பி அனுப்பலாம் என்று, சாவுக்கு ஊரிலிருந்து வந்திருந்த என் கணவர் எழுந்தார். நான் அவர் கையைப் பிடித்து உட்கார வைத்தேன்.

"பாட்டிம்மாவுக்குத்தானே? பத்திரமா மாட்டுங்க" என்றார் வண்டிக்காரர். பாவம், அவருக்கு என்ன தெரியும்? கொழுந்தனைப் பார்த்து, "நாலும் சரியா இருக்கா சார்? சரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா நான் கிளம்பிடுவேன்" என்றார்.

கொழுந்தன் வாயைத் திறந்தான். சத்தம் வரவில்லை. வண்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. அவன் வாயிலிருந்து வரட்டும் என்று நின்றேன்.

"வந்துடுச்சு" என்றான் கடைசியில். "இப்பதான் வந்துச்சு."

வண்டிக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். கொழுந்தன் ஒரு சிலிண்டரைக் கட்டிப்பிடித்தபடி தரையில் உட்கார்ந்து, அம்மா அம்மா என்று அழுதான்.