ஏழாவது மாடி வருமா?

புரோகிராம் ஒழுங்காக ஓடுமா என்று சோதிக்கிற டெஸ்டுகளில், ஒரு சமயம் சரியாகவும் ஒரு சமயம் தப்பாகவும் பதில் சொல்கிறவற்றை சாஃப்ட்வேர் கம்பெனிகள் ஆபீசில் வைத்துக்கொள்வதில்லை. வீடுகளில் கொண்டுவந்து விட்டுவிடுகிறார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தது ஒரு லிஃப்ட் கம்பெனியின் டெஸ்ட். ஒல்லியாக, சாம்பல் சட்டை போட்டுக்கொண்டு, சமையலறை ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும். சாப்பாடு வேண்டாம். ஃபேன் மட்டும் ஓட வேண்டும்.

அதனிடம் கேட்க ஒரே கேள்விதான். ஆபீசில் யாராவது புரோகிராமில் ஒரு வரியை மாற்றினால் என் போன் அடிக்கும். நான் கரண்டியை வைத்துவிட்டுக் கேட்க வேண்டும்: "ஏழாவது மாடி பட்டனை அழுத்தினால் ஏழாவது மாடி வருமா?"

பெரும்பாலும் "வரும்" என்னும். மீட்டர் பெட்டிக்கு மேல் பச்சை விளக்கு எரியும். சில சமயம் "வராது" என்னும். சிவப்பு. உடனே கம்பெனியிலிருந்து விக்னராஜ் கூப்பிடுவான்.

"இன்னொரு வாட்டி கேளுங்க ஆன்ட்டி."

"இப்பத்தானே வராதுன்னு சொல்லிச்சு?"

"அது அப்படித்தான் எதையாவது சொல்லும். மூணு வாட்டியில ஒரு வாட்டி வரும்னு சொன்னா போதும்."

நான் படித்தது கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளி. மூன்று தடவை கேட்டு ஒரு தடவை சரியாகச் சொன்னவளை அங்கே முட்டி போட வைப்பார்கள். இங்கே சம்பளம் கொடுக்கிறார்கள்.

அந்த லிஃப்ட் எங்கள் குடியிருப்புக்குத்தான் வரப்போகிறது. நாங்கள் இருப்பது ஏழாவது மாடி. என் கணவர் ஞானராஜுக்கு வலது முட்டியில் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. படி ஏற முடியாது. லிஃப்ட் கொண்டுவந்து விட்டால்தான் அவருக்கு வீடு.

அதனால் கவனித்தேன். ஆபீசில் அத்தனை பேர் இருந்தும் யாருக்கும் அது தோன்றவில்லை. நான் கேள்வி கேட்கும் அதே நொடியில் இவர் எட்டிப்பார்த்து "காபி ஆச்சா?" என்பார். அப்போதெல்லாம் டெஸ்ட் "வராது" என்றது. இவர் வாயை மூடிக்கொண்டிருந்தால் "வரும்" என்றது.

விக்னராஜைக் கூப்பிட்டேன். "ரெண்டு பேர் ஒரே நேரத்துல கேட்டா அது வராதுங்குது. அப்ப ரெண்டு பேர் ஒரே நேரத்துல பட்டனை அழுத்தினா உங்க லிஃப்ட் எங்கேயோ போகும். அது உளறல. உங்களுக்குத்தான் காது கேக்கல."

"ஒரே நேரத்துல யாரு ஆன்ட்டி அழுத்தப் போறா?"

"எட்டு மாடி இருக்கு. யாரு அழுத்த மாட்டா?"

"வெள்ளிக்கிழமை லிஃப்டை ஓட விடணும் ஆன்ட்டி. அந்த டெஸ்டையே தூக்கிடறோம்."

அவனே வந்து ஃபேனை நிறுத்தி அதைக் கூட்டிக்கொண்டு போனான். வாசலில் நான் கேட்காமலேயே அது "வராது" என்றது. அவன் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தான். அன்று முதல் விளக்கு பச்சைதான்.

சனிக்கிழமை காலை இவர் கொத்தமல்லி வாங்கக் கீழே போனார். பையோடு திரும்பி வருவதை பால்கனியிலிருந்து பார்த்தேன். லிஃப்டுக்குள் அவர் நுழைந்ததும் ஆறாவது மாடி பத்ரிநாத்தின் நாய் குரைத்தது. பத்ரிநாத் பட்டனை அழுத்தினால்தான் அது குரைக்கும்.

எங்கள் மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே யாரும் இல்லை. போன் போட்டேன்.

"ஏங்க, எங்க இருக்கீங்க?"

"வீட்லதான். நீதானே கதவைத் திறந்த?"

"நான் எங்க திறந்தேன்?"

"காபி குடுத்த. சூடா இருக்கு, மெதுவா குடிங்கன்னு சொன்ன."

நான் அப்படியெல்லாம் சொல்கிறவள் இல்லை. இத்தனை வருஷத்தில் அவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

"கொத்தமல்லி எங்க?"

"உன் கைலதானே குடுத்தேன்."

விக்னராஜைக் கூப்பிட்டு வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் முழுவதையும் கேட்டுக்கொண்டான்.

"சார் ஏழாவது மாடிக்குப் போயிட்டதாத்தான் இங்க காட்டுது. இன்னொரு வாட்டி வரவழைச்சுப் பாருங்க ஆன்ட்டி."

பட்டனை அழுத்தினேன். காலி லிஃப்ட் வந்தது. மறுபடி அழுத்தினேன். இவர் முகத்தோடு, ஆனால் இடது முட்டியில் கட்டுப் போட்ட ஒருவர் பையோடு இறங்கி, இவர் செருப்பு விடுகிற இடத்தில் செருப்பை விட்டார்.

"யாராவது வந்தாங்களா ஆன்ட்டி?"

"ஒருத்தர் வந்திருக்கார்."

"அப்ப பச்சை."

பச்சைதான் எரிந்தது. பையைப் பிரித்தேன். புதினா.

"கொத்தமல்லின்னு சொல்லி அனுப்பினா புதினாவா வாங்கிட்டு வர்றது?" என்று கத்தினேன்.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஃபேனைப் போடச் சொன்னார். போட்டேன்.