வேலிக்கு அப்பால்

ஞாயிற்றுக்கிழமை காலையில் கோரமண்டல் மைதானத்துக்கு இருபது பிள்ளைகளாவது வந்துவிடுவார்கள். எல்லாம் மூடிப்போன தங்கச் சுரங்கத்தின் பழைய லைன் வீட்டுப் பிள்ளைகள். பெற்றவர்களில் பாதிப்பேர் விடிவதற்குள் பெங்களூர் ரயிலைப் பிடிப்பவர்கள். ஜெனிட்டாவும் அப்படித்தான், வாரத்தில் ஆறு நாள் அங்கே ஒரு ஆஸ்பத்திரி வரவேற்பில் வேலை. காலேஜ் டீமில் ஆடியவள். ஞாயிறு மட்டும் நண்பன் ஆஸ்டினோடு சேர்ந்து பிள்ளைகளுக்கு இலவசமாக ஃபுட்பால் சொல்லிக்கொடுத்தாள்.

அந்த வாரம் மூன்று நாள் விடாத மழை. ஞாயிறன்று வானம் வெளுத்திருந்தது. ஆட்டத்தின் நடுவில் பந்து வேலியைத் தாண்டிப் போனது.

அந்தப் பக்கம் ஒரு பழைய ஷாஃப்ட், சுரங்கத்துக்குள் இறங்கும் ஆழமான குழி. அதன் வாயைக் கான்கிரீட் பலகையால் மூடி, சுற்றி முள்கம்பி கட்டியிருந்தார்கள். கம்பியை யாரோ அறுத்துக்கொண்டு போய் வருஷக்கணக்காகிறது.

"யாரும் போகாதீங்க, நான் எடுத்துக்கினு வரேன்" என்றாள் ஜெனிட்டா. சொல்லிவிட்டு, அழுதுகொண்டு நின்ற ஒரு பொடிசின் ஷூ முடிச்சை அவிழ்க்கக் குனிந்தாள். நிமிர்ந்தபோது, ஆடிக்கொண்டிருந்த சிறுமி நிக்கோலைக் காணோம்.

"நிக்கோல் எங்க?"

பிள்ளைகள் வேலிக்கு அப்பால் இருந்த புதரைக் காட்டினார்கள்.

ஜெனிட்டா ஓடினாள். பலகையின் நடுவில் பந்தை அணைத்தபடி நின்றிருந்தாள் நிக்கோல். ஒன்பது வயது. பலகையைச் சுற்றியிருந்த மண் மழையில் ஊறி உள்ளே சரிந்திருந்தது. இன்னும் சரிந்துகொண்டிருந்தது.

"மிஸ், கீழ இன்னாவோ உடையுது."

ஜெனிட்டா ஒரு அடி வைத்தாள். காலடி மண் நழுவியது. பின்னால் துள்ளினாள். ஒரு கல் உருண்டு உள்ளே போனது. விழுந்த சத்தத்துக்குக் காத்திருந்தாள். வரவேயில்லை.

"அசையாத கண்ணு. மெதுவா ஒக்காரு." பிறகு திரும்பிக் கத்தினாள். "ஆஸ்டின், கோல் வலையை அறுத்துக்கினு வா! பசங்க யாரும் வரக்கூடாது!"

ஆஸ்டின் வலையோடு வந்து ஒரு முனையை நீலகிரித் தைல மரத்தில் கட்டினான். ஜெனிட்டா குப்புறப் படுத்து மறுமுனையை வீசினாள். எட்டவில்லை. இரண்டாவது வீச்சில் நிக்கோலின் மடியில் விழுந்தது.

"ரெண்டு கையையும் வலைக்குள்ள வுட்டு இறுக்கிப் பிடிச்சிக்கோ."

"கை வர்ல மிஸ்."

பலகையில் நீளமாக ஒரு விரிசல் விழுந்தது.

"நிக்கோல், என்னைப் பாரு. எனுக்கும் பயமாத்தான் கீது. பயந்துக்கினே கையை உள்ள வுடு."

ஒரு கை வலைக்குள் போனது. அப்புறம் இன்னொன்று.

"இழு!"

இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். நிக்கோல் சேற்றில் மார் தேய வந்து ஜெனிட்டாவின் மேல் விழுந்த நேரம், பின்னால் பலகையின் பாதி குழிக்குள் மறைந்தது. வெகு நேரம் கழித்து, பூமிக்குள் எங்கோ இடி இடித்ததுபோல் ஒரு சத்தம்.

நிக்கோலை வீட்டுக்கு ஜெனிட்டாவே அழைத்துப்போனாள். அவளுடைய அம்மா இசபெல்லா சர்ச்சுக்குப் புறப்பட்டு நின்றிருந்தாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள் ஜெனிட்டா. இசபெல்லா திட்டவில்லை. மகளின் கைகால்களைத் தடவிப் பார்த்தாள்.

"நீ பாத்துக்குவேன்னுதான் ஜெனிட்டா அனுப்பிச்சேன்" என்றாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அந்த வாரம் முழுவதும் ரயிலில் ஜெனிட்டாவால் கண்மூட முடியவில்லை. மூடினால் அந்தக் கல் உருண்டது. சொல்லிக்கொடுப்பதையே விட்டுவிடலாம் என்று ஆஸ்டினிடம் சொன்னாள். அவனோ சர்ச்சில் கேட்டு, நாலுபக்கமும் சுவர் உள்ள அதன் காம்பவுண்டில் ஆட அனுமதி வாங்கிவிட்டான்.

முதல் ஞாயிறு ஐந்து பேர்தான் வந்தார்கள். மூன்றாவது ஞாயிறு நிக்கோல் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு கேட் அருகே நின்றாள்.

"வூட்லயே இருந்தா ராத்திரி தூங்க மாட்டேங்கறா. ஆடட்டும்" என்றாள் இசபெல்லா. "ஆனா நான் இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

"ஒக்காருங்க அக்கா. எனுக்கும் தைரியமா இருக்கும்."

நிக்கோல் கையை விட்டு வரிசையில் போய் நின்றாள். ஜெனிட்டா தலைகளை எண்ணினாள். பதினொன்று. ஒரு நிமிஷம் போகவில்லை, மறுபடி எண்ணினாள்.