கண்ணாடி அலமாரியில் ஒரு ஜோடி கையுறை

எங்கள் தெருக் கடைசியில் இருக்கும் சப்ஸ்டேஷனிலிருந்து பெயிண்ட் வாசனை வந்தால், பாதுகாப்பு ஆய்வு வரப்போகிறது என்று அர்த்தம். இந்த முறை மூன்று நாளாக மூக்கைத் துளைத்தது. வாசல் கதவுக்கு வெள்ளி நிறம், தீயணைப்பு வாளிகளுக்குச் சிவப்பு, அபாயப் பலகைக்கு மஞ்சள். பலகையில் மண்டை ஓட்டின் வாயோரம் பெயிண்ட் வழிந்துவிட்டதால், அது இப்போது இளித்துக்கொண்டே எல்லாரையும் வரவேற்கிறது. வாளிகளில் மேலாக மட்டும்தான் மணல், அடியில் பழைய பேப்பர். எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? பேப்பர் வாங்கிப் போனதே என் வீட்டில்தான்.

இதற்கெல்லாம் சூத்திரதாரி அங்குள்ள அதிகாரி. தெருவில் அவருக்கு 'பாலிஷ்' என்று பெயர். பளபளப்பாக இருந்தால் அவருக்குப் போதும். வேலை செய்கிறதா என்பதெல்லாம் அடுத்தவர் கவலை.

பாலிஷின் பொக்கிஷம் ஒரு ஜோடி ரப்பர் கையுறை. கன்ட்ரோல் ரூம் ஜன்னலுக்கு எதிரே கண்ணாடி அலமாரி. அதற்குள் செக்கச்செவேலென்று, முழங்கை நீளத்துக்குத் தொங்கும். பதினோராயிரம் வோல்ட் சுவிட்சைத் தொடுகிற மனுஷனுக்கும் மின்சாரத்துக்கும் நடுவே இருப்பது அந்த ரப்பர்தான். நாலு வருடத்துக்கு முன்னால் லைன்மேனுக்கென்று வந்தது. "அழுக்காயிடும்" என்று பாலிஷ் வாங்கி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டார். ஆய்வுக்கு வருகிறவர்கள் கண்ணாடி வழியாகப் பார்த்து, தலையாட்டி, டிக் அடித்துவிட்டுப் போவார்கள்.

லைன்மேன் எனக்குப் பக்கத்து வீடு. அவருக்கு வாய்த்தது தேய்ந்துபோன பழைய ஜோடி. தினமும் காலையில் அவர் மனைவி கொல்லைப்படியில் உட்கார்ந்து கையுறையின் வாயை இறுக்கிச் சுருட்டுவாள். உள்ளே அடைபட்ட காற்றில் ஐந்து விரலும் விறைத்து நிற்கும். அதைக் கன்னத்தோரம் வைத்துக் கேட்பாள். காற்று சீறினால் எங்கோ ஓட்டை. காற்று வருகிற வழியில் கரண்டும் வரும்.

"கட்டைவிரல் தாள் மாதிரி ஆயிடுச்சுக்கா" என்றாள் ஆய்வுக்கு முந்தின நாள். "இன்னிக்கு சத்தமில்ல. நாளைக்கு?"

"புதுசைக் கேக்கச் சொல்லேன்டி."

"கேக்காமயா இருக்காரு? 'ஆய்வு முடியட்டும்'னு சொல்றாரு அந்த ஆளு. முடிஞ்சப்புறம் கேட்டா, 'அடுத்த ஆய்வுக்கு வேணாமா'ங்கிறாரு."

மறுநாள் பாலிஷ் என் வீட்டுக்கே ஆள் அனுப்பினார், டீ கொடுக்க நல்ல கப் வேண்டுமாம். ஆறு கப்பையும் கொஞ்சம் பிஸ்கட்டையும் தட்டில் அடுக்கி நானே எடுத்துப் போனேன். கப் என்னுடையது, அது திரும்பும்வரை நான் அங்கே நிற்பதுதானே நியாயம்?

ஆய்வாளர் ஹெல்மெட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்காமல் மாட்டியிருந்தார். டிரான்ஸ்ஃபார்மர் நிற்கிற யார்டு பக்கமே போகவில்லை. ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து படிவத்தைப் படித்தார்.

"வெளியாட்கள் உள்ள வர்றாங்களா?"

"ஒருத்தரைக்கூட விடமாட்டோம் சார்" என்றார் பாலிஷ்.

ஆய்வாளர் டிக் அடித்தார். அடித்துவிட்டு, என் தட்டிலிருந்து இன்னொரு பிஸ்கட் எடுத்துக்கொண்டார்.

"கையுறை?"

பாலிஷ் கல்யாணப் பெண்ணைக் காட்டுவதுபோல் அலமாரியைக் காட்டினார்.

"பிரமாதம். இந்தத் தடவை மேலிடத்துல போட்டோ கேக்குறாங்க. யாராவது இதைப் போட்டுக்கிட்டு சுவிட்சை இழுக்கிற மாதிரி ஒண்ணு எடுத்துடலாம்."

பாலிஷ் லைன்மேனைக் கூப்பிட்டு, இடுப்பில் இருந்த சாவியால் பூட்டைத் திறந்தார். "இன்னிக்கு உனக்கு யோகம்யா. அழுக்காக்காம குடு."

லைன்மேன் வாங்கினார். மாட்டவில்லை. மனைவி செய்வதுபோலவே வாயைச் சுருட்டி, கன்னத்தருகே கொண்டுபோனார். ஃபேன் சத்தத்தையும் மீறி எனக்கே கேட்டது அந்தச் சீறல். விரல் இடுக்கை விரித்துக் காட்டினார். மயிரிழை மயிரிழையாக வெடிப்பு.

"நாலு வருஷம் ஜன்னல் வெயில்ல காஞ்சிருக்கு ஐயா. ரப்பரை இருட்டுல வைக்கணும்னு அன்னிக்கே சொன்னேன்."

"ஒரு நிமிஷ வேலைக்கு எதுக்கு இவ்வளவு வியாக்கியானம்? போட்டோ எடுத்ததும் கழட்டிடப் போற. இல்ல, வேற ஊருக்கு மாத்தல் வேணுமா?" என்றார் பாலிஷ்.

லைன்மேன் இரண்டு கையுறையையும் மரியாதையாக மடித்து பாலிஷ் முன்னால் நீட்டினார்.

"நீங்களே போட்டுக் காட்டுங்க ஐயா. போட்டோவுக்கு உங்க முகம்தான் எடுப்பா இருக்கும். சுவிட்சு எங்கன்னு நான் காட்டுறேன்."

பாலிஷின் இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டன. நாலு வருடமாக அழுக்குப் படாமல் காத்த பொருளை விரல் நுனியால் தொடக்கூட ஆளில்லை. ஆய்வாளர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"வேணாம் வேணாம். நான் இங்க இருக்கிறப்ப ஏதாவது ஆச்சுன்னா ரிப்போர்ட்டுல என் பேருல்ல வரும்?"

லைன்மேனின் உயிர் அத்தனை சுற்றுவழியில் வந்து பிழைத்தது.

அப்புறம் படிவத்தில் என்ன எழுதுவது என்று இருவரும் குழம்பினார்கள். "'கையுறை உள்ளதா'ன்னுதான் இருக்கு. ஓட்டையான்னு கேள்வி இல்லையே" என்றார் ஆய்வாளர். ஆகவே 'உள்ளது'. கீழே பொடி எழுத்தில், 'கூடுதலாக ஒரு ஜோடி உடனே அனுப்பவும்.' போட்டோவில் பாலிஷ், அலமாரிக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு. என் கப்பில் ஒன்று காணாமல் போனது. அதற்கும் படிவத்தில் கேள்வி இல்லை.

மூன்றாவது வாரம் புது ஜோடி வந்தது. பாலிஷ் என்ன செய்திருப்பார்? ஆமாம், பழசை எடுத்து மூலையில் எறிந்துவிட்டு, புதிதை அலமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

மறுநாள் லைன்மேன் பணிவாகப் போய் நின்றாராம். "ஐயா, கண்ணாடி உள்பக்கம் மங்கலா இருக்கு. துடைச்சு வைக்கட்டுமா?"

துடைப்பது என்றால் பாலிஷுக்கு உயிர். சாவியைத் தூக்கிக் கொடுத்துவிட்டார். லைன்மேன் நன்றாகத்தான் துடைத்தார். மூலையில் கிடந்த வெடித்த ஜோடிக்கு எண்ணெய் தடவி, வெடிப்பு தெரியாமல் விரலைச் சேர்த்து, உள்ளே தொங்கவிட்டார். புது ஜோடி கறுப்புத் துணிப்பையில் அவரோடு வீடு வந்தது.

அடுத்த நாள் காலை கொல்லைப்படியில் அவள் கையுறையைச் சுருட்டிக் கன்னத்தில் வைத்தாள். வெகுநேரம் கேட்டாள்.

"மூச்சே இல்லக்கா" என்றாள். அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை.

நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. தெரு முழுக்கத் தெரிந்திருக்கிறதென்றால் அதற்கு நான் என்ன செய்ய? பாலிஷுக்கு மட்டும் இன்னும் தெரியாது. வருகிறவர்களையெல்லாம் அலமாரி முன் நிறுத்தி, "பாருங்க, வந்த அன்னிக்கு இருந்ததைவிட மினுமினுப்பு" என்கிறார். திறந்து பார்க்கத்தான் தோன்றவில்லை.